கீழ்வீட்டம்மாவும் எங்கம்மாவும்

ரஷ்யாவில் என் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி, உள்ளே யாராவது செத்துக் கிடக்கிறார்களா என்று பார்க்க வந்தவர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் குடியிருந்தவர்கள் ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சாந்தோமிலிருந்து உறைக்குள் உறை போட்டுக் கட்டிக்கொண்டு வந்த நெத்திலிக் கருவாட்டை அதுவரை தொடாமல் வைத்திருந்தேன். வந்த நாளிலிருந்து ரொட்டியும் உருளைக்கிழங்குமாகத் தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. ரசம் வைத்தேன். கருவாட்டைக் கழுவி மிளகாய்த்தூள் தடவி எண்ணெயில் போட்டேன். வாசனை எழும்பியதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டாவது தடவை திருப்பிப் போடுவதற்குள் கதவை இடித்தார்கள்.

திறந்தால், பூப்போட்ட நைட்டி மாதிரி ஒரு வீட்டு அங்கியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. அவருக்குப் பின்னால் கையில் பெரிய ஸ்பானரோடு அவர் புருஷன். எனக்கு நேர் கீழ்வீடு. சாக்கடைக் குழாய் வெடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நினைத்து மேலே ஏறி வந்திருக்கிறார்கள். அந்தம்மா என்னைத் தள்ளிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். வாணலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாணலியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"மீன்."

"இல்லை," என்றார் உறுதியாக.

ஜன்னலின் மேல்மூலையில் காற்றுக்காக ஒரு குட்டிக் கதவு உண்டு. டேப்பைப் பிய்த்து அதைத் திறந்துவிட்டார். கத்தி மாதிரி குளிர் உள்ளே இறங்கியது. இனி திட்டு விழும் என்று நான் சுவரோரமாக நின்றேன். திட்டு விழத்தான் செய்தது, கருவாட்டுக்கு இல்லை. என் காலைப் பார்த்துவிட்டார். நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்குள் வேறு எப்படி நிற்பது? அதற்குப் பிறகு அவர் பேசிய வேகத்தில் எனக்குப் புரிந்தது மூன்றே வார்த்தை: கால், குளிர், குழந்தை. வெறுங்காலோடு தரையில் நின்றால் பிள்ளை பிறக்காது என்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. விறுவிறுவென்று கீழே போனார், ஒரு ஜோடி கம்பளிச் செருப்போடு திரும்பி வந்தார், குனிந்து என் காலில் அவரே மாட்டினார். புருஷன் ஸ்பானரைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் கட்டடத்துக்கு செல்போனில் ஒரு குழு இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அதில் முழுக்க என் கருவாடுதான். 'ஐந்தாம் மாடி வரை நாற்றம்' என்று ஒருவர். 'பூனை செத்திருக்குமோ' என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் கீழே அந்தம்மாவின் ஒரே வரி: 'அது இந்தியப் பெண். தனியாக இருக்கிறாள். நான் பார்த்துக்கொள்கிறேன்.'

அதோடு என் சுதந்திரம் முடிந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில். நைனாவுக்குப் பங்காளிகளோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு. அம்மா லூப் ரோட்டில் மீன் விற்கிறாள். என்னைப் பக்கத்து கான்வென்டில் சேர்த்தார்கள். இங்கிலீஷ் பிடித்துப்போனது. அதையே காலேஜிலும் படித்து, அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தேன். வோல்கா ஆற்றங்கரையில் ஒரு நகரத்தில், குழந்தைகளுக்கு இங்கிலீஷ் கற்றுத்தரும் தனியார் மையம் ஒன்றில் வேலை கிடைத்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. உலகத்தில் வேறு ஊரே இல்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். அம்மா கேட்ட கேள்வி வேறு.

"இங்க இல்லாத புள்ளைங்களா அங்க கீதுங்க? ஏபிசிடி சொல்லிக்குடுக்க அவ்ளோ தூரம் போவணுமா?"

எனக்கு இருந்தது ஒரே காரணம். பனியைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. அந்த ஆசை அங்கே போன முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.

பனியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர்கள்தான் பேஜார். டிராம் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் தலையில் குல்லாவை இழுத்து மாட்டிவிட்டுப் போகிறாள். பூங்காவில் கால் வலிக்கிறதே என்று ஒரு திண்டில் உட்கார்ந்தால், போகிறவர் வருகிறவரெல்லாம் எழுந்திரு எழுந்திரு என்கிறார்கள். கல் குளிருமாம், மறுபடியும் அதே பிள்ளைப்பேறு. ரொட்டிக் கடையில் பழக்கதோஷத்தில் சிரித்துவைத்தேன். கடைக்காரப் பெண் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். அப்புறம் என்னிடம், "என்ன வேடிக்கை?" என்று கேட்டாள். வெளியே போக ஏழு அடுக்கு உடுப்பு. உள்ளே வந்தால் கொதிக்கிற வெந்நீர்க் குழாய் சுவரெல்லாம் ஓடுகிறது, குறைக்கவும் முடியாது, மே மாதத்து மத்தியானம் மாதிரி வேர்க்கிறது. வேலையிடத்தில் என் அப்பா பெயர் என்ன என்று கேட்டு, அதோடு ஒரு வாலை ஒட்டி, என் பெயருக்குப் பின்னால் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதைக்காம். ஊரில் அப்பா பெயர் ஓர் எழுத்தாக முன்னால் அடங்கி நிற்கும். இங்கே நைனாவின் பெயர், அவரே கேட்டால் அடையாளம் தெரியாத அளவுக்கு நீண்டு, என் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் மேலே கீழ்வீட்டம்மா.

"டீ குடிக்க வா" என்பார். டீ என்றால் ஒரு டம்ளர், கால் மணி நேரம் என்று நினைத்து முதல் தடவை போனேன். அடுப்பில் சாதத்தை வேறு வைத்துவிட்டுப் போயிருந்தேன். முதலில் சூப் வந்தது. பிறகு உருளைக்கிழங்கு. பிறகு ஊறுகாய்கள், வீட்டில் செய்த ஜாம், ஒரு கேக். டீ வருவதற்குள் மேல்வீட்டில் என் சாதம் கரிந்து, இந்த முறை நிஜமாகவே நாற்றம் வந்து, இரண்டு பேரும் ஓடினோம். மறுநாள் குழுவில் மறுபடியும் நான்.

டீயோடு கேள்விகளும் வரும். ஏன் கல்யாணம் ஆகவில்லை? யாராவது ஏமாற்றிவிட்டார்களா? உடம்பில் ஏதாவது? அப்படியென்றால் ஏன்? ஈரத்தலையோடு ஏன் வந்தாய்? நான் இருக்கிற கொஞ்ச ரஷ்ய மொழியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவேன். 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லத் தெரியும். 'இப்போதைக்கு விருப்பமில்லை, அதை உங்களிடம் விளக்கவும் விருப்பமில்லை' என்று சொல்லத் தெரியாது. அவர் புருஷன் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் போகும்போது தலையை ஆட்டுவார், வரும்போது தலையை ஆட்டுவார். அந்த வீட்டிலேயே எனக்குப் பிடித்த ஆள் அப்போது அவர்தான்.

ஒரு சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்திருக்கக் கூடாது.

"இன்னாடி மூஞ்சி இப்டி வெளுத்து கீது? துன்றியா இல்லியா?"

கீழ்வீட்டம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். "அம்மா என்ன கேட்கிறார்?"

"எல்லாரும் நல்லா இருக்கிறீர்களா என்று கேட்கிறார்."

"இல்லை. அது நலம் விசாரிக்கிற முகம் இல்லை. சரியாகச் சொல்."

சொன்னேன். அவ்வளவுதான். இத்தனை நாள் தனியாகப் போராடிக்கொண்டிருந்தவருக்குத் துணைப்படை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இவள் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, குல்லா போடுவதில்லை, கல்யாணப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்புகிறாள் என்று அடுக்கினார். அதையெல்லாம் அம்மாவுக்கு நானே தமிழில் சொல்ல வேண்டும். நைசாகக் குறைத்துச் சொன்னேன்.

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "அந்தம்மா அவ்ளோ நேரம் பேசுச்சி. நீ ரெண்டே வார்த்தைல முடிக்கிற? டபாய்க்கிறியா?"

இப்படி என்னைத் திட்டுவதையெல்லாம் இரண்டு பக்கமும் நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வேறெங்காவது இந்த வேலை பார்த்திருந்தால் சம்பளமாவது கிடைத்திருக்கும். போனை வைப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒருத்தர் நம்பரை ஒருத்தர் வாங்கிக்கொண்டார்கள். ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்றாள் அம்மா.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அம்மாவுக்குப் பின்னால் வலை குவிந்து கிடந்ததைப் பார்த்த கீழ்வீட்டம்மா, "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார்.

"கடலில் மீன் பிடிக்கிறார்."

டிவியின் சத்தம் நின்றது. அந்த மனுஷர் முதல் முறையாக என் பக்கம் முழுசாகத் திரும்பினார். என்ன மீன், எந்த மாதிரி வலை, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சரமாரியாகக் கேட்டார். இந்த வாய் இத்தனை நாள் எங்கே இருந்தது? வஞ்சிரத்துக்கும் காரப்பொடிக்கும் ரஷ்ய மொழியில் நான் எங்கே போவது? போனில் படம் தேடிக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். எழுந்து பால்கனிக்குப் போனார். கயிற்றில் கோர்த்த காய்ந்த மீன்களோடு திரும்பி வந்தார். ஒன்றை மேஜை விளிம்பில் படார் படார் என்று அடித்து, தோலை உரித்து, என் முன்னால் வைத்தார். சுத்தமான கருவாடு. உப்புப் போட்டு, முழுசாகக் காயவைத்த, பொரிக்காமலே தின்கிற பச்சைக் கருவாடு. அந்த நாற்றத்தில் என் நெத்திலியெல்லாம் மல்லிகைப்பூ.

நான் கீழ்வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "இது நாறவில்லையா?"

"அது வேறு," என்றார், ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே. "இது மீன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே பாதி மீனைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மீனவர் மகள் என்று தெரிந்ததும் அந்த மனுஷர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வரும் சனிக்கிழமை என்னையும் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். வோல்கா அப்போது கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. அதன் மேல் போய், ஐஸில் ஓட்டை போட்டு, தூண்டில் போடுவார்கள்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் அப்பாதான் மீனவர், நான் இல்லை. எங்கள் பக்கத்தில் கடலுக்கு ஆண்கள் போவார்கள், கரையில் விற்பது பெண்கள். நான் படகில் காலே வைத்ததில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. வாழ்நாளில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறு மணிக்குத் தயாராக இரு," என்றார்.

பஞ்சு வைத்துத் தைத்த அவருடைய பழைய கால்சட்டையைக் கீழ்வீட்டம்மா எனக்கு மாட்டிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டினார். முழங்கால் வரை கம்பளிப் பூட்ஸ். முழங்காலை மடக்க முடியவில்லை. அவரே வாசல்வரை வந்து என் குல்லாவை ஒரு தடவை காதுவரை இழுத்துவிட்டு, "நன்றாகப் பிடி," என்று அனுப்பினார்.

ஆற்றின் மேல் முதல் அடி வைத்தபோது வாய் தானாக மாதாவே என்றது. தரை மாதிரிதான் இருந்தது. ஆனால் கீழே தண்ணீர் என்று மனதுக்குத் தெரியுமே. அங்கங்கே ஐஸ் முனகியது. நான் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். தனியாக நிற்கவும் பயம், அதனால் பின்னாலேயே போனேன்.

நடு ஆற்றில் ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. நூறு ஆண்களாவது இருப்பார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு ஓட்டை, ஒருத்தர் முதுகு இன்னொருத்தர் பக்கம். ஒரு சத்தம் இல்லை. எங்கள் கரையில் படகு வந்தால் எப்படி இருக்கும்! ஏலம், சண்டை, கெட்ட வார்த்தை, சிரிப்பு, காக்கா. இங்கே காக்காகூட வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் கையால் சுற்றுகிற பெரிய திருகு ஒன்றை வைத்து ஐஸைக் குடைந்தார். கறுப்பாகத் தண்ணீர் பொங்கி மேலே வந்தது. கரண்டி நீளத்துக்கு ஒரு தூண்டிலை என் கையில் கொடுத்து, ஒரு பெட்டியில் உட்காரவைத்து, தன் ஓட்டைக்குப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன். முதலில் கால்விரல் மரத்தது, பிறகு மூக்கு. கண்ணிமையில் பனி கட்டியது. இதற்கு எதற்கு மனிதர்கள் கூட்டமாக வர வேண்டும், அவரவர் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் தனித்தனியாக உட்கார்ந்துகொள்ளலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தூண்டிலை யாரோ இழுத்தார்கள்.

நான் போட்ட கூச்சலில் நூறு பேரும் திரும்பினார்கள். பக்கத்து ஓட்டைக்காரர் வாயில் விரலை வைத்து முறைத்தார். நான் எதையும் பார்க்கவில்லை. கையில் மீன் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஜாண்கூட இல்லை. பச்சையும் கறுப்புமாகக் கோடு, முதுகில் முள். குத்திவிட்டது. குப்பத்தில் பிறந்து மீன் தின்று மீனால் படித்து வளர்ந்தவள் நான். முதல் மீனை வோல்காவில் பிடித்தேன்.

கையுறையைக் கழற்றி, உள்சட்டைக்குள் சூடாக வைத்திருந்த போனை எடுத்து நைனாவைக் கூப்பிட்டேன். ஊரில் வெயில் ஏறியிருந்தது. நைனா படகு நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, மீன் புடிச்சேன்!"

"எங்க கீற நீ?"

"ஆத்து மேல."

"படகுலயா?"

"இல்ல நைனா. தண்ணி மேலயே."

நைனா வலையைக் கீழே போட்டார். "தண்ணி மேல குந்திகினு கீறியா?" என்றார். போனைச் சுற்றிக் காட்டினேன். கீழ்வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். நைனா அவரைப் பார்த்து, "எவ்ளோ ஆழம்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் நைனா இரண்டு கையையும் விரித்து, கடலில் ஆழம் அளக்கிற ஒரு பாகம் என்று காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அந்த மனுஷர் உடனே தன் இரண்டு கையையும் விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார், மறுபடி, மறுபடி. நைனா தலையாட்டினார். அப்புறம் தூண்டில் முள்ளைக் காட்டு என்றார், இரையைக் காட்டு என்றார். அவர் காட்டினார். இரண்டு ஆண்களும் சம்பந்திகள் மாதிரி பேசிக்கொண்டே போனார்கள். நடுவில் போனைத் தூக்கிப் பிடித்திருந்த என் விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. முடித்துத் தொலையுங்களேன் என்று எனக்கு அழுகை வந்தது.

"அந்த ஓட்டையக் காட்டு," என்றார் நைனா கடைசியாக.

போனை ஓட்டைக்கு நேரே சாய்த்தேன். விரலில் உணர்ச்சியே இல்லை. போன் நழுவியது. "ஐயோ!" என்று கத்திப் பாதியில் பிடித்துவிட்டேன். அதே நேரத்தில் குளிருக்கு பேட்டரி செத்துவிட்டது. திரை இருண்டது. சரி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று உள்சட்டைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி தூண்டிலைப் பிடித்தேன்.

சாந்தோமில் அந்த நேரம் என்ன நடந்தது என்று அப்புறம் எல்லாரும் சொன்னார்கள். ஓட்டையைக் காட்டு என்று நைனா சொன்னபோதுதான் அம்மா மிச்ச மீனோடு கரைக்கு வந்திருக்கிறாள். யார் போனில் என்று தலையை நீட்டியிருக்கிறாள். அவள் பார்த்தது கறுப்புத் தண்ணீர் திரை முழுக்க ஏறி வந்ததை. கேட்டது என் ஐயோவை. பிறகு ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது. கூடையைப் போட்டுவிட்டு அவள் போட்ட கத்தலில் குப்பமே கூடிவிட்டது. பாதிப் பேர் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஓடினார்கள். நைனா, "ஒண்ணும் ஆயிருக்காது, ஐஸ் கெட்டியாத்தான் கீது," என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்கு அப்போதுதான் அந்த இன்னொரு நம்பர் ஞாபகம் வந்திருக்கிறது.

எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இரண்டாவது மீன் எப்போது கடிக்கும் என்று ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரைப் பக்கம் யாரோ ஓடிவருவது மாதிரி இருந்தது. ஐஸில் யாரும் ஓட மாட்டார்கள். அந்த உருவம் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடிவந்தது. கிட்டே வந்ததும்தான் அடையாளம் தெரிந்தது. பூப்போட்ட வீட்டு அங்கிக்கு மேலே கோட்டு. பொத்தான்கூடப் போடவில்லை. தலையில் குல்லா இல்லை. கூந்தலெல்லாம் பனி.

கீழ்வீட்டம்மா என் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. என் தோளை, கையை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நனைந்திருக்கிறேனா என்று பார்த்தார் போலிருக்கிறது.

"உன் அம்மா அழுகிறார்," என்றார். "என்ன சொல்கிறார் என்று ஒன்றும் புரியவில்லை. உன் பெயர் மட்டும் புரிந்தது. உன் பெயரையே சொல்லிச் சொல்லி அழுகிறார்."

அதற்குப் பிறகு குரல் ஏறியது. முதலில் புருஷனுக்கு விழுந்தது. அந்த மனுஷர் தூண்டிலைக்கூட இழுக்காமல் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நூறு பேரும் பெட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார்கள். பக்கத்து ஓட்டைக்காரர் எழுந்து வந்து தன் குல்லாவைக் கழற்றிக் கீழ்வீட்டம்மாவின் தலையில் வைத்தார். திட்டுவதை நிறுத்தாமலே அவர் அதைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு தன் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அம்மாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் மாதாவே என்றாள். அடுத்த நொடியே ஆரம்பித்துவிட்டாள்.

"தண்ணில நீ பூட்டேன்னு நான் இங்க நெஞ்சு வெடிச்சு கீறேன். நீ சொம்மா குந்திகினு மீன் புடிச்சிகினு கீறியா? தெனம் உங்க நைனா கரை ஏர்ற வரைக்கும் உசுரக் கையில புடிச்சிகினு நிக்கிறேனே, அது பத்தாதா? நீ வேறயா?"

அதே நேரத்தில் இந்தப் பக்கம் கீழ்வீட்டம்மாவும் நிறுத்தவில்லை. "முப்பது வருஷமாக இந்த ஆள் பனியில் போய் உட்காருகிறார். மார்ச் மாதம் ஐஸ் இளக ஆரம்பித்தால் நான் ஜன்னலைவிட்டு நகர மாட்டேன். இப்போது நீயுமா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒருத்தர் குரலுக்கு மேல் ஒருத்தர். நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. என் கன்னத்தில் தண்ணீர் இறங்கி அங்கேயே உறைந்தது. குளிருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மூச்சு விட நிறுத்தினாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னா மீனு? காட்டு."

காட்டினேன்.

"இத்தயா?" என்றாள். "இத்தப் புடிக்கவா போன? இத்தப் பூனைகூடத் துன்னாது."

அந்த மீனை அன்று மத்தியானம் கீழ்வீட்டம்மா சூப்பில் போட்டார். என்னைக் கம்பளியில் சுற்றி, காலை வெந்நீரில் வைத்து, ஒரு சட்டி சூப் முழுவதையும் குடிக்கவைத்தார். இனி ஆற்றுப் பக்கமே போகக் கூடாது என்று இரண்டு நாட்டிலிருந்தும் எனக்கு உத்தரவு.

அன்றிலிருந்து அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. போனிலேயே பேசுவதை மொழிமாற்றிக் கொடுக்கும் வசதி ஒன்றைக் கீழ்வீட்டம்மா கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அம்மாவின் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டம்மா படிக்கட்டில் மறித்தார்.

"சங்கரா யார்?"

"யாரு?"

"சங்கரா நிறைய வந்திருக்கிறது என்று உன் அம்மா மிகவும் சந்தோஷமாகச் சொன்னார். மாப்பிள்ளையா? ஏன் நிறையப் பேர்?"

சங்கரா எங்கள் ஊர் மீன், சிவப்பாக இருக்கும், குழம்பு வைப்போம் என்று படிக்கட்டில் நின்று விளக்கி, டிராமை விட்டு, வகுப்புக்கு லேட்டாகப் போய், அங்கேயும் திட்டு வாங்கினேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளை என்றே நம்பியிருக்கிறார்.

இரண்டாவது குளிர்காலத்தோடு என் ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது அடையாறில் வாடகை வீடு, பழைய பள்ளிக்கூட வேலை. யாரும் என் தலையைத் தொடுவதில்லை, காலைப் பார்ப்பதில்லை, டீக்குக் கூப்பிட்டு ஆறு மணி நேரம் உட்காரவைப்பதில்லை. முதல் மாதம் ஏதோ விடுமுறையில் இருக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் சாயங்காலங்களில் வீடு ரொம்ப அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் இரண்டு அம்மாக்களும் கல்யாணத்தில் கொண்டுபோய் முடிப்பார்கள்.

போன மாதம் சாந்தோமுக்குப் போயிருந்தபோது நைனா வலையை உதறிக்கொண்டே, பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஆத்துல புடிச்சியே. கடலுக்கு வர்றியா? அம்மாக்குத் தெரிய வேணாம்."

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை. மறுநாள் விடிந்ததும் போனோம். கடல் அமைதியாகத்தான் இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். கரை கண்ணுக்குத் தெரியும்போதே எனக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. வலை போட்டதையும் பார்க்கவில்லை, இழுத்ததையும் பார்க்கவில்லை. படகின் ஓரத்தைக் கட்டிக்கொண்டு குனிந்தபடியே இருந்தேன். பங்காளிகள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. என் பின்கழுத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார். கொஞ்சம் தெளிந்தபோது, கோயில் கோபுரம் சின்னதாக வெள்ளையாகத் தெரிகிற பக்கத்தில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். அதை வோல்காவில் இருக்கும் அந்த மனுஷருக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

கரை ஏறி, முகம் கழுவி, ஒன்றும் நடக்காத மாதிரி லூப் ரோட்டுக்கு நடந்து போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாந்தி நின்னுச்சா?" என்றாள்.

"யாரு சொன்னது?"

பக்கத்தில் சாய்த்துவைத்திருந்த போனைக் கத்தி முனையால் காட்டினாள். திரையில் பூப்போட்ட அங்கியில் கீழ்வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தார். அம்மாவும் ஆரம்பித்தாள். வஞ்சிரம் வாங்க வந்திருந்த ஒரு பெண்மணி பையை நீட்டியபடி நின்றிருந்தார். இரண்டு பேரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் நான்தான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து மீன் நிறுத்துப் போட்டேன்.